முதலில் முறை, பிறகு விலை

போன மாதம் நுவரெலியாவில் ஒரு போன் கடைக்குச் சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். மீசை அரும்பிய பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க ஆன்டி" என்றான். எனக்கு முப்பத்திரண்டு வயது. தலையில் நரை என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் அன்றைக்கு உள்ளே தள்ளித்தான் வாரியிருந்தேன். சார்ஜரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்து, எதிர்க்கடையில் கூடக் காசு கொடுத்து வாங்கினேன். அங்கிருந்த பெண் "வாங்கக்கா" என்று சொல்லியிருந்தாள், அது போதும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அம்மா எனக்காகக் கவலைப்படவில்லை. "பாவம், அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல" என்று அவனுக்காகத்தான் கவலைப்பட்டார்.

அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. ஹட்டன் பெரிய வீதியில் ஒரு புடவைக் கடையில் அம்மா பல வருடம் சேல்ஸ் வேலை பார்த்தார். கடை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். மெலிந்த மனிதர், கோபப்படத் தெரியாது, ஆனால் கோபப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மாவிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "ஆள் உள்ளுக்கு வந்தா மொதல்ல மொறைய சொல்லோணும். வெல பொறகு." முறை சொல்லாமல் விலை சொன்னால் சாமானைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி என்பார். என்ன அர்த்தமோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

நாங்கள் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் அம்மா என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்த துணிக்கட்டுகளின் மேல்தான் என் இருக்கை. எனக்கு ஏழு வயது. ஊரில் உள்ள எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போதும் அந்தக் குணம் முழுதாகப் போய்விடவில்லை என்கிறார் என் வீட்டுக்காரர்.

அங்கே உட்கார்ந்து நான் படித்த பாடம் பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. அம்மா யாரையும் வயதைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை, ஒரு படி இறக்கித்தான் கூப்பிடுவார். ஐம்பதைத் தாண்டியவர் அக்கா. நாற்பதும் அக்கா. முப்பதுக்குக் கீழே தங்கச்சி. 'அம்மா' என்று மட்டும் தப்பித் தவறியும் வாயில் வரக் கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒரு பெண்ணைப் பார்த்து "வாங்கம்மா" என்று சொல்லப்போய், அந்தப் பெண் வாசலோடு திரும்பிப் போனதை நானே பார்த்தேன். ஆம்பிளைகள் எல்லோரும் அண்ணன். சிங்களப் பெண்கள் வந்தால் அம்மா வாசலைப் பார்த்து "என்ன அக்கே!" என்பார். ஐயையோ, கடை தேடி வந்தவர்களிடம் 'என்ன' என்று சண்டைக்கு நிற்கிறாரே என்று முதலில் நான் பயந்தேன். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க' என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு அக்கா என்றால் எனக்கு என்ன முறை? பெரியம்மா. அம்மா அதையும் விட்டுவைக்கவில்லை. "பாப்பா, பெரியம்மாவுக்கு அந்த ஸ்டூல எடுத்துக் குடு." "பெரியம்மாவுக்கு வழி விடு." சனிக்கிழமைகளில் எனக்கு நாற்பது ஐம்பது பெரியம்மாக்கள் வந்து போனார்கள். ஒருத்தரும் எனக்கு ஒரு டொஃபி வாங்கித் தந்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் கிடைத்த சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். வாரம் முழுக்க மலையில் "ஏய், அங்க என்ன பேச்சு", "புள்ள, வெரசா கைய ஓட்டு" என்று அதட்டலையே கேட்ட காதுகள். கடைக்குள் வரத் தயங்கி, செருப்பை வாசலில் விடுவதா போட்டுக்கொண்டே வருவதா என்று நிற்பார்கள். அம்மா அவர்களிடம்தான் மிகவும் அழுத்திச் சொல்வார், "வாங்கக்கா, உள்ள வாங்க, செருப்போடயே வாங்க" என்று. அந்த முகங்கள் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அரைமுழத் துணிகூட வாங்காமல் போனாலும் அம்மா முகம் சுளித்ததில்லை.

சொந்தம் என்பதே கடைச் சாமான் என்று நான் முடிவுக்கு வருவதற்கு 'தாத்தா' என்ற சொல்லும் ஒரு காரணம். எனக்குத் தாத்தா என்றால் பொக்கை வாய்க் கிழவர். சிங்களப் பிள்ளையோ கடையில் தொலைந்துபோய் "தாத்தா! தாத்தா!" என்று கத்தினால், மீசையை முறுக்கிக்கொண்டு வாலிபமாக ஓர் அப்பா ஓடி வருவார். ஹாஜியாரின் வீட்டில் தாத்தா என்றால் அக்காவாம். அவர் தன் அக்காவை, வளையல் குலுங்க வரும் அந்த அம்மாளை, "வாங்கொ தாத்தா" என்று கூப்பிட்ட அன்றைக்கு நான் துணிக்கட்டிலிருந்து விழுந்துவிட்டேன். ஒரே சொல், கிழவரும் அதுதான், தகப்பனும் அதுதான், வளையல் போட்ட அக்காவும் அதுதான். அப்புறம் எதை நம்புவது?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அம்மாவுக்கு உண்மையிலேயே ஓர் அக்கா இருந்தார், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டார்கள். பன்னிரண்டு வயது மூத்தவரான அந்த அக்காதான் கொழுந்து பறித்து அம்மாவைப் படிக்க வைத்தார். தனக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்த பிறகும் தங்கையைத் தன்னோடேயே வைத்துக்கொண்டார். தங்கை டீச்சராகப் போகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தங்கை உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு எங்கள் அப்பாவுடன் கிளம்பிவிட்டார். அப்பா வேறு சாதி. ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போன அம்மாவை அந்த அக்கா வாசலிலேயே நிறுத்தினாராம். "இனிமே என்னைய அக்கான்னு கூப்புடாத. கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றாராம். அம்மா கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார். அது நான் பிறப்பதற்கு முந்திய வருடம்.

வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். அம்மாவுக்குக் கிடைத்த வேலையோ, அதே சொல்லை விடிந்ததிலிருந்து கடை பூட்டும் வரை ஊராருக்கெல்லாம் சொல்லுகிற வேலை. எப்படித்தான் சொன்னாரோ! அந்த அக்காவிடம் அம்மாவுக்கு நகையோ நிலமோ வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை கூப்பிட வேண்டும், அவர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆடி மாதத்து மழை ஒரு சனிக்கிழமை காலையிலேயே பிடித்துக்கொண்டது. கடையில் கூட்டமில்லை. ஆள் வரும்போது அம்மா என்ன முறை சொல்வார் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. பெரும்பாலும் தப்பாது. வாசலில் குடையை உதறி மடக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். சேலைக்கு மேல் பழுப்பு நிற ஸ்வெட்டர். கூடவே இருபது வயது மதிக்கத்தக்க மகள். ப்பூ, இது கஷ்டமே இல்லை. தாய்க்கு அக்கா, மகளுக்குத் தங்கச்சி. நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா பாதி மடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, "வாங்க" என்றார். அதோடு சரி. அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

"கூறச்சேலை பாக்கணும். எடுங்க" என்றார் வந்த பெண், அலமாரியைப் பார்த்து.

யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வந்தவர் ரொம்ப மரியாதைக்காரர் என்பதுதான். கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் அம்மாவை "ஏ புள்ள, அத எடு" என்பார்கள். இவரோ "எடுங்க", "காட்டுங்க", "வேற கலர் இருக்குங்களா" என்று வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' வைத்தார். கேட்கக் கேட்க எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தூக்கி வளர்த்த தங்கையைப் பார்த்து ஓர் அக்கா 'ங்க' போட்டால் அது கன்னத்தில் அறைவதைவிட மோசம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா சேலைகளை ஒவ்வொன்றாக இறக்கி விரித்தார். "இது புதுசா வந்தது." "இது காஞ்சிபுரம்." "இதுல சிவப்பும் இருக்கு." ஒரு வாக்கியத்திலும் முறை இல்லை. உப்புப் போட மறந்த சம்பல் மாதிரி இருந்தது பேச்சு. மற்ற நாளென்றால் "இதப் பாருங்கக்கா, தங்கச்சி நெறத்துக்கு எடுத்து வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி இதற்குள் பாதி வியாபாரத்தை முடித்திருப்பார். அந்த மகள் சேலையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்குச் சேலை பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன்.

காசு மேசையிலிருந்து ஹாஜியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அம்மா முறை சொல்லாமல் வியாபாரம் பண்ணுவதை முதலாளி கண்டுபிடித்துவிட்டார்! வேலை போய்விட்டால் என்ன செய்வது? வாசலோடு திரும்பிப்போன அந்தப் பெண்ணும், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற அந்தப் புதுச் சேல்ஸ் பெண்ணும் நினைவுக்கு வந்தார்கள். அம்மாவை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது.

துணிக்கட்டிலிருந்து குதித்து இறங்கி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"அம்மா! இவங்கள அக்கான்னு சொல்ல மறந்துட்டீங்க!"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அம்மாவின் அக்கா மெதுவாகத் திரும்பினார். கடைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்த்தார்.

"ஒங்கம்மா எல்லாரையும் அக்கான்னுதான் கூப்புடுவாங்களா?"

"ஆமா" என்றேன் பெருமையோடு. "எல்லாரையும். டீச்சர்மாரக்கூட, போலீஸ் நோனாவக்கூட. மரக்கறி விக்கிறவங்களையும் அக்கான்னுதான் சொல்லுவாங்க. ஒருநா நான் நூத்திப் பதினேழு அக்கா எண்ணினேன். அதுக்குள்ள தூங்கிட்டேன்."

அவர் விரித்துக் கிடந்த சேலையின் கரையைக் கையில் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு என் அம்மாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"ஊருல உள்ளவளுக்கெல்லாம் அக்கா. எனக்கு மட்டும் என்னடி கொறச்சல்?"

நான் அதிர்ந்து போனேன். இத்தனை நேரம் 'ங்க' போட்ட வாயிலிருந்து 'டி'!

"கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்னு சொன்னியே…" அம்மாவின் குரல் உடைந்தது. "சொன்னியேக்கா."

"சொல்லுவேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். நீ ஒரு தரமாச்சும் கூப்புட்டுப் பாத்தியாடி? ஒரு தரம்! லயத்து முக்கு திரும்புற வரைக்கும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேனேடி, பாவி!"

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அக்கா மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அழுதார். நடுவில் ஏழெட்டுக் கூறைச்சேலைகள். அந்த மகளும் அழுதார். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு தடவை அக்கா என்று சொல்ல மறந்ததற்கு என் அம்மாவை இப்படியா அழ வைப்பது? 'அம்மா' என்று கூப்பிட்டதற்காகத் திரும்பிப் போனவர்களாவது திட்டாமல் போனார்கள்.

"எங்கம்மாவ டி போட்டுப் பேசாதீங்க!" என்று அவர் முன்னால் போய் நின்று கத்தினேன்.

அவர் குனிந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "ஆத்தாடி, வாயப் பாரு! அப்புடியே அவ வாயி" என்றார். மழையில் நனைந்த கை, சில்லென்றிருந்தது. நான் திமிறிக்கொண்டு கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

ஹாஜியார் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்தார். அழுகிற வாடிக்கையாளரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும். தானே ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டார். என்ன முறை சொல்ல வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவர், அந்தப் பதற்றத்தில் கடை முறையை மறந்து தன் வீட்டு முறையைச் சொல்லிவிட்டார்.

"இரிங்கொ தாத்தா, இரிங்கொ."

அழுதுகொண்டிருந்த மகள் குபுக்கென்று சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார். "பாத்தியாடி, ஒன்னால நான் தாத்தாவாயிட்டேன்" என்று அந்த அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். இன்னொரு 'டி'. நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

ஹாஜியார் பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டி வரவழைத்தார். குடித்து முடித்ததும் அந்த அக்கா சேலைகளை அம்மா பக்கம் தள்ளி, "நீயே எடுடி, எனக்கு என்ன தெரியும்" என்றார். அம்மா அரக்கு நிறத்தில் பொன்கரை போட்ட ஒன்றை எடுத்து அந்த மகளின் தோளில் போட்டுப் பார்த்தார். அதையே வாங்கினார்கள். கிளம்பும்போது அந்த அக்கா சேலைப் பையின் கயிற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆவணியில கல்யாணம். ரெண்டு நா முந்தியே வந்துரு. அவரையும் கூட்டிக்கிட்டு வா."

'அவர்' என்றால் எங்கள் அப்பா. அந்த வாக்கியத்தைச் சொல்ல அந்த அக்காவுக்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்திருக்கும் என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு வேறு யோசனை. கூறைச்சேலை விற்றால் கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது, சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்த மகள்தான் பின்னாளில் எனக்கு மற்றதைச் சொன்னார். அதே வீதியில் அதைவிடப் பெரிய கடைகள் நான்கு இருந்தன. அவர்கள் எதிலும் ஏறவில்லை. காலையிலிருந்து எங்கள் கடையை மூன்று தரம் கடந்து போய், மூன்று தரம் திரும்பி வந்து, மழையில் நின்று, கடைக்குள் வேறு ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்தார்களாம். "அவ கூப்புட்டா போதும், நான் பேசிருவேன்" என்று தாய் குடைக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பக்கத்தில் கண்ணைத் துடைப்பதும், தனக்குத்தானே சிரிப்பதும், மறுபடி துடைப்பதுமாக வந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்கம்மா. அவங்களுக்கு மரியாத தெரியல. மொத்தம் ஒம்போது டி போட்டாங்க, நான் எண்ணினேன். திங்கக்கெழம ஹாஜியார்கிட்ட சொல்லுங்க."

"ஒம்போதா?" என்றார் அம்மா. இன்னும் கூட இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்டது போலிருந்தது அந்தக் குரல். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பாப்பா, அவங்க ஒன் பெரியம்மாடி."

எனக்குச் சலிப்பாகிவிட்டது. இவ்வளவு அவமானப்பட்ட பிறகும் அம்மா இன்னும் கடையை விட்டு இறங்கவில்லையே!

"கடைக்கு வர்ற எல்லாரும் பெரியம்மாதாம்மா" என்றேன். "அதுக்காக டி போடலாமா?"

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். வாதத்தில் வென்றுவிட்ட திருப்தியில் நான் இறங்கும் இடம் வரை நன்றாகத் தூங்கினேன்.